மூன்றில் அமுக்கி நான்கில் விட்டது

குலசேகரத்தில், ரப்பர் ஷீட் டிப்போவுக்கு மேல்மாடி.
தகரத்தில் மழை விழத் தொடங்கினால்
மைக்கை உறைபோட்டு மூடிவிடுவேன்.
பாட வந்த பெனிற்றா ஏழு மணிக்கே பஸ் ஏறிவிட்டாள்.

மிடிக்கு மழை கேட்காது.
எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எப்போது விட்டாய்,
அதற்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
ஆகவே மழை ராத்திரிகள் ரெஜிசுக்கு.
மழையென்றால் அவனுக்கும் பால்வெட்டு இல்லை.

முதல் கட்டையைத் தொட்டான்.
வயலின், குழல், கோரஸ், ட்ரம்ஸ்
எல்லாம் ஒரே வாயாய்க் கத்தின.
“என்ன மேபல், சந்தையா?”
சந்தைதான்.
யார் பேரைக் கூப்பிட்டாலும் எழுந்து நிற்கும்
சண்டே கிளாஸ் வாண்டுகள்போல
எல்லா ட்ராக்கும் எல்லா சேனலுக்கும்
காதைத் திறந்துவைத்திருந்தன.

ஒவ்வொன்றாய் உட்காரவைத்தேன்.
வலதுகை ஒன்று, வயலின்.
இடதுகை இரண்டு, பேஸ்.
கோரஸ் மூன்று, குழல் நான்கு.
பத்தைத் தொடாதே என்றேன்.
தொட்டான்.
அவன் மெட்டு அப்படியே ட்ரம்ஸ்மேல் உருண்டது,
படியில் நழுவிய பாத்திரக்கூடை.
சிரித்துச் சிரித்து இருமினான். ஷீட் புகை அவனுக்கு ஆகாது.

ஒன்றரை மணிக்குக் கோரஸ்.
அவன் அமுக்கிப் பிடித்திருக்கும்போதே
அவசரத்தில் நான்
கீபோர்டை மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினேன்.
விரலை எடுத்தான்.
‘நிறுத்து’ நான்குக்குப் போனது.
குழல் சும்மாதான் இருந்தது, அதற்கு நிறுத்த ஒன்றுமில்லை.
மூன்றில்
மூச்சுவாங்கத் தெரியாத நாற்பது பேர்
‘ஆ’வென்று நின்றார்கள்.

போலீஸில் பிடிபட்டவன்போல
ரெஜிஸ் இரண்டு கையையும் தூக்கினான்.
பெருவிரலில் பிளாஸ்திரி.
“நான் விட்டாச்சு, கேட்டியா?”

கேட்டேன்.
தக்கலை மாப்பிள்ளை வேண்டாமென்று
குவைத்திலிருக்கும் அண்ணனிடம் சொன்னவள் நான்.
சொல்லி மாசம் இரண்டாகிறது.
அம்மை இன்னும் தக்கலைக்காரர்களோடு
நகைக்கணக்கு பேசிக்கொண்டிருக்கிறாள்.

பேனிக் பொத்தான் எங்கே என்று எனக்குத் தெரியும்.
பதினாறு சேனலுக்கும் ஒரே சொல்.
ஆனாலும் தேடுகிறவள்போல
மெனுக்களைத் திறந்து திறந்து மூடினேன்.
நாற்பது பேரும் நின்றார்கள்.

அமுக்கினேன்.
அப்போதுதான் தெரிந்தது,
மழை தோர்ந்து வெகுநேரமாகியிருந்தது.

“பாவாடை கட்டின மரம் இருநூறு கிடக்கு” என்று
ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான் ரெஜிஸ்.
படியெல்லாம் வெளிச்சம் ஆடிப்போனது.
நான் நான்கை மறுபடி மூன்றாக்கினேன்.