கயிறு கட்டிய தெரு

ஏழாவது மருந்து இன்று இல்லை என்றுவிட்டார்கள்.
வெள்ளணுக்கள் போதாதாம்.
"அடுத்த செவ்வாய் வாருங்கள், எடெல்மிரா" என்கிறாள்
செவிலி மாருசிச்,
கடன் மறுக்கும் வங்கிக்காரியின் கனிவோடு.
நஞ்சு தரமாட்டேன் என்றதற்கு அழுதவள்
இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அழுகையும் ஒழுங்காக வரவில்லை.
இமைமயிர் இல்லாத கண்ணில் நீர் தங்குவதில்லை;
நேரே வாய்க்கு இறங்கி
புண்ணில் எரிகிறது.

முதல் நான்கு முறை சிவப்பு.
சிறுநீரும் சிவந்து
கழிப்பறையில் என்னைக் கண்டு நானே பயந்த நாட்கள்.
அப்போது எல்லாமே நாறியது:
சோப்பு, கம்பளி, பக்கத்து வீட்டில் வேகும் ஆட்டிறைச்சி,
எல்லாவற்றுக்கும் மேலாக நொல்பெர்த்தோ.
பொர்வெனீர் போய்வரும் படகில்
அவனுக்கு இயந்திர அறை.
இருபத்திரண்டு வருடம் டீசலோடுதான் படுத்திருக்கிறேன்.
அந்த மாதம் அவன் வாசல் மிதிக்குமுன்னே
வாளியைத் தேடினேன்.
ஒரு சொல் பேசவில்லை அவன்.
மறுநாளிலிருந்து
கொல்லைப்புற விறகுக் கொட்டகையில் சட்டை கழற்றி,
பனித்தண்ணீரில் கழுத்துவரை தேய்த்து,
விறைத்த காதுகளோடு உள்ளே வருகிறான்.

இப்போது நிறமில்லாத மருந்து.
இது வேறு திருடன்.
விரல்நுனிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறான்.
தபால் நிலையத்தில் பத்தொன்பது வருடம்
தொட்டே சொல்வேன், உறைக்குள் பணமா படமா என்று.
இன்று சட்டைப் பொத்தானோடு
கால்மணி நேரம் மல்லுக்கட்டு.
கரண்டி, நாக்கில் ஆணி.
மாத்தே உறிஞ்சும் வெள்ளிக்குழல், யாரோ சப்பிய காசு.
நாணல் சீவிக் குழல் செய்து வைத்திருக்கிறான்,
சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில்,
அதற்கும் ஒரு சொல் இல்லை.
எனக்கோ சொற்களே போகின்றன.
நேற்று உப்பு என்ற சொல் வரவில்லை.
"அந்த… கடலிலிருந்து… வெள்ளையாக…" என்றேன்.
பனிக்கட்டி எடுத்துவந்தான்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே காற்று.
எங்கள் புந்தா அரேனாஸில்
வசந்தம் என்றால் பூ இல்லை, காற்றுதான்.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன்,
பின்னால் யாரோ ஒரு பெண்.
கயிற்றைப் பிடித்தேன்.
பிடித்தேனா?
விரல் சொல்லவில்லை.
குனிந்து பார்த்தேன். பிடித்துத்தான் இருக்கிறேன்.
பார்வையை எடுத்தால் கை இல்லை.
கண்ணால் கயிற்றைப் பிடித்தபடி
முழம் முழமாக நடந்தேன்.

அந்த நேரம் பார்த்து விக் கிளம்பியது.
நாத்தி இக்கிக்கேயிலிருந்து அனுப்பியது,
ஒருநாளும் எனக்குப் பிடிக்காத செம்பழுப்பு.
ஒரு கையை எடுத்தால் எட்டிவிடும்.
எடுத்தால், மற்றக் கை பிடித்திருக்கிறதா என்று
யாரைக் கேட்பது?
நின்றேன்.
அது ஒரு டாக்சியின் கண்ணாடியில் அறைந்து, விடுபட்டு,
விளக்குக் கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி
நீரிணைப் பக்கம் பறந்தது,
கடற்காகம் இரண்டு துரத்த.
"சென்யோரா, உங்கள் பூனை!" என்று கத்தினான் பையன்.

சிரித்துவிட்டேன்.
உதட்டுப் புண் பிளந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தேன்.
பின்னாலிருந்தவள் எட்டி
கயிற்றின்மேல் என் கையை அழுத்திப் பிடித்தாள்.
தெரிந்தது.
விரலில் இல்லை, மணிக்கட்டில்.

மொட்டைத் தலையோடு வீடு.
கொட்டகையில் தண்ணீர்ச் சத்தம், அவன் வந்துவிட்டான்.
அவனிடம் ஒன்று சொல்லவில்லை இன்னும்.
டீசல் எனக்கு இப்போது குமட்டுவதில்லை.
ஐந்து வாரமாயிற்று.
போன வாசனையெல்லாம் திரும்பிவிட்டது;
மிச்சமிருப்பது ஒன்றுதான்.
அதைத்தான் தினமும் தேய்த்துக்
கொட்டிக்கொண்டிருக்கிறான்.

கதவைத் திறந்து "அப்படியே வா" என்றேன்.
காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை.
சால்வையைத் தலையில் சுற்றுகிறேன்.
முடிச்சு விழுந்ததா என்று கண்ணாடியில் பார்க்கிறேன்.
கொட்டகைவரை பதினோரு எட்டு.
இங்கே யாரும் கயிறு கட்டவில்லை.