ஒரு சொல் திருத்தம்

பாசல் நகரம். ஜனவரி. அதிகாலை மூன்று மணி.
பொலிசார் தொலைபேசியில் ஓர் ஒலித்துண்டைப் போட்டார்கள்.
நான்கு வினாடி.
"மருந்து குடிச்சிட்டன் மச்சான்."

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்.
எங்கள் ஆட்கள் மருந்து குடித்தால்
என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?
வயலுக்கு அடிக்கிற போத்தல்,
கடைவாயில் நுரை,
வேலி பாய்ந்து ஓடிவரும் அயல்.
நஞ்சு என்றேன்.
ஜெர்மனில் அதற்குக் கிஃப்ட் என்று பேர்.
எதிர்முனையில் விசைப்பலகை சடசடத்தது.
நன்றி சொன்னார்கள்.
திரும்பிப் படுத்தேன். நல்ல தூக்கம் வந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

குகநேசன், வயது முப்பத்தொன்று.
எட்டு நாள் கழித்து
கெம்ப்ஸ் அணைக்கட்டின் சல்லடையில் மாட்டியிருந்தான்.
அது பிரான்ஸ்.
உயிரோடு அவனுக்குக் கிடைக்காத எல்லையை
ரைன் நதி இரவில் கடத்திக் கொடுத்திருந்தது.
பிரெஞ்சு மருத்துவர் இடது முழங்கை மடிப்பில்
பதினொரு புள்ளி எண்ணி
பூச்சிக்கடி என்று எழுதினார்.
நுளம்பும் செத்துக் கிடக்கும் ஜனவரியில்.
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
நஞ்சு என்ற சொல்தான் ஏற்கெனவே
கோப்பின் முதல் பக்கத்தில் இருந்ததே.

பதினொரு வருடம்.

இந்த ஏப்ரலில், பதினோராம் இலக்க டிராமில்
றெஜினோல்ட் எனக்கு எதிரே வந்து அமர்ந்தார்.
அன்று அவனுடைய அறைத்தோழர்.
இன்றும் கோப்பை கழுவுகிறார், விரல் நுனிகள் வெளுத்து ஊறியிருந்தன.
"நீங்கள்தானே அக்கா அண்டைக்குச் சொன்னது?"
குரலில் கோபம் மருந்துக்குக்கூட இல்லை.
ஒரு பழைய நோக்கியாவை என் காதருகே பிடித்தார்.
பதினேழு வினாடி.

"மருந்து குடிச்சிட்டன் மச்சான்.
ஆறாம் தரம். இந்தமுறை இனிக்குது.
காசு வெள்ளிக்கிழமை.
ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு
கையெழுத்து வாங்கினவை.
நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி...
இந்தக் கதவை ஏன் பூட்டி"

ஆறாம் தரம் நஞ்சு குடிக்கிறவன் யார்?

பதின்மூன்று வினாடியை வெட்டிய கை எது?
மீதி இருக்கிறதா என்று நான் ஏன் கேட்கவில்லை?
முதற் கேள்விக்கு இன்னும் விடையில்லை.
இரண்டாவதற்கு உண்டு:
இரவுக் கட்டணம் அரை மணிக்கு ஐம்பது பிராங்க்,
ஒரு நிமிடத்தில் முடித்தாலும் ஐம்பதுதான்.

துறைமுகத்துக்குப் பின்னால், கட்டடம் இருபத்தேழு.
இப்போது அடுக்குமாடி வீடுகள்.
மூன்றாம் மாடியில் யாரோ தக்காளி வளர்க்கிறார்கள்.
கம்பனி இரண்டு தடவை பேர் மாற்றிவிட்டது.
லீஸ்டாலில் ஓர் ஓய்வுபெற்ற தாதி
சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள்.
இனிப்பைப் பற்றி மட்டும் கேட்டேன்.
"அது பிறகு சேர்த்தது," என்றாள்,
"ஐந்தாவது ஆள் வாந்தியெடுத்த பிறகு."
கதவு மூடியது.
பேர் தெரியாத ஒரு ஐந்தாவது ஆளோடு
மழையில் நிலையம் வரை நடந்தேன்.

அரச வழக்கறிஞர் ஏபிஷர் மரியாதையானவர்.
தண்ணீர் தந்தார்.
கதவிடுக்கில் சொன்னது வாக்குமூலம் ஆகாது என்றார்,
பழைய கைபேசியின் இரைச்சலை நிபுணர் பார்க்க வேண்டும்,
நாளாகும்.
என்னிடம் ஒரு திருத்தப் படிவம் நீட்டினார்.

பிழையான சொல். சரியான சொல்.
இரண்டையும் நிரப்பிவிட்டேன்.
காரணம், மூன்று வரிக்குள்.

எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்
என்று எழுதி, உடனே அடித்தேன்.
மொழியைக் காட்டிக்கொடுத்துத் தப்புவது போலிருந்தது.
பிறகு, ஓரத்தில், தமிழில்:
நான் கேட்கவில்லை.

ஜெர்மனில் அதற்கு இரண்டு வினைச்சொல்.
காதில் விழவில்லை என்பது ஒன்று,
வினவவில்லை என்பது மற்றது.
படிவத்தில் ஒன்றுக்குத்தான் இடம்.
ஏபிஷர் தன் பேனாவை என் பக்கம் தள்ளுகிறார்.