தந்தை என்ற நிரல்

குருமண்வெளித் துறையில் நிற்கிறேன்.
பாதை இன்னும் அக்கரையில்.
மோட்டார் சைக்கிளின் பின்னே நைதரசன் கொள்கலன்,
அதற்குள் முப்பத்தொரு குழல்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு நாம்பன்.
சிலது செத்து வருசக்கணக்காகிறது.
குளிருக்கு அது தெரியாது.

விடியப்புறம் ஐந்து மணிக்கு அழைப்பு:
"பிள்ள, செவலை இரவெல்லாம் கத்தினது. வாறியா?"
தும்பங்கேணிக்கும் அப்பால் சீவரெத்தினத்தின் பட்டி.

கணக்கு எளிது.
மாலையில் கத்தினால் மறுநாள் விடிய,
விடியக் கத்தினால் அன்று மாலை.
பாதைக்கு இந்தக் கணக்கு இல்லை.
கச்சான் காற்று வாவியைக் கலக்கிக்கொண்டிருந்தது.

பயிற்சிக் கூடத்தின் கரும்பலகையில்
அரை, முக்கால், எட்டில் ஏழு என்று எழுதிப் போட்டார்கள்.
தலைமுறைக்குத் தலைமுறை
தகப்பன் இனம் ஏறும்,
நாட்டு இரத்தம் தேயும்,
பால் கூடும்.

கூடியதுதான்.
சீவரெத்தினத்தின் அரை ஜேர்சி
ஒன்பது லீற்றர் கறந்தது.
ஆவணி வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு
குளத்தில் கழுத்தளவு போய் நின்றது.
பிறகு உண்ணிக் காய்ச்சல்,
மூத்திரம் தேத்தண்ணி நிறம்.
புதைத்த குழிக்குப் பக்கத்தில்
செவலை படுத்து அசைபோட்டது.
என் இடுப்பு உயரம். ஒன்றரை லீற்றர்.
மார்கழி வெள்ளத்தில் கன்றோடு நீந்திக் கரையேறினது.
அதன் பாலில் உறைந்த தயிர்
சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது.
சேகரிப்பு நிலையத்தில்
கொழுப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பார்கள்,
லீற்றருக்குத்தான் நிறையக் கொடுப்பார்கள்.

"இந்த முறை சாகிவால்,"
முன்பே சொல்லிவைத்திருந்தார்.
"அதுக்கும் திமில் இரிக்கி, வெயில் தாங்கும்.
ஆறு லீற்றர் போதும் எனக்கு,
சாகாம நிண்டா."

ஒன்பதரைக்குப் பாதை வந்தது.
பட்டியை அடைந்தபோது பத்தே முக்கால்.
செவலையின் விலாவில், இரண்டு பக்கமும்,
சேற்றுக் குளம்பின் கீறல்.

எவன்?
சீவரெத்தினம் அறுத்த வயலைக் காட்டினார்.
நூற்றுச் சொச்சம் மாடுகள்,
ஆறு பேருடைய குறி.
ஒரு நாம்பனாவது
ஒப்புக்கொள்ளும் முகத்தோடு நிற்கவில்லை.

இருந்தாலும் வந்தேனே.
முப்பத்தேழு பாகை நீரில் குழலை நாற்பது நொடி.
கையுறை தோள் வரை.
கருப்பைக் கழுத்தின் வளையங்களைத் தாண்டும்போது
கண்ணை மூடிக்கொள்வேன்,
அங்கே விரல்தான் பார்க்கும்.
செவலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
வைக்கோலுக்கே போனது.

ஒன்பது மாதமும் ஒரு கிழமையும்.
நாகு கன்று, சிவப்பு.
தாயும் சிவப்பு, சாகிவாலும் சிவப்பு.
காதை அளந்தேன், கழுத்துத் தொங்கலைப் பிடித்துப் பார்த்தேன்.
முதுகில் விரல்நுனி அளவு புடைப்பு,
அது எவனுடையதாகவும் இருக்கலாம்.

பதிவேட்டில் தாய் என்ற நிரல் அரை அங்குலம்.
தந்தைக்கு
இனம், இலக்கம், தொகுதி, நாடு
என்று பக்கத்தின் பாதி.
வெறுமையாய் விட்டால் அலுவலகம் திருப்பி அனுப்பும்.

குறிசுடும் இரும்பின் துருவைத் தட்டிக்கொண்டே சொன்னார்:
"இது என்ர பெண்சாதிட குடிக்குறி.
அவட தாய் சீதனமாத் தந்த மாட்டிட வழி.
நம்மட ஊரில ஆர் பிள்ள
தகப்பன்ட குடியக் கேக்கிற?"

கரும்பலகையில் எழுதாத ஒன்று
அப்போது ஞாபகம் வந்தது.
எட்டில் ஏழு, பதினாறில் பதினைந்து,
எத்தனை நாம்பனை ஏற்றினாலும்
கலத்துக்குள் இழைமணி மாறாது.
அது செவலையினது,
செவலையின் தாயினது,
எந்த வெள்ளத்திலோ நீந்திய எவளோ ஒருத்தியினது.

ஆனால் படிவத்தில் அதற்கு நிரல் இல்லை,
எனக்கோ மாத இலக்கு அறுபது.

சாகிவால் என்று எழுதினேன்,
பென்சிலால்.
நாகு வளர்ந்து கன்று போட்டுக் கறக்கட்டும்.
ஆறு லீற்றர் என்றால்
மேலே மை போடுகிறேன்.