ஒத்து

இருபத்து மூன்று பேர், ஒரு வாடகைப் பேருந்து,
டிசம்பர் மழை.
பிடோக் உலாக் குழுவின் செயலாளர் நான்:
வருகைப் பட்டியல், உபரிக் குடை, கோப்பிக் காசு என் பொறுப்பு.
பிழைப்புக்குக் கட்டடங்களில் குளிர்காற்றுக் குழாய் பொருத்துகிறேன்.
தலைவர் அருமைராசனுக்கு ஒத்து ஊதுகிறவன் என்று
முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர்.
முதுகுக்கும் காது உண்டு.

போன மாதம் நீர்த்தேக்கம், அதற்கு முன் மீன் பண்ணை.
இம்முறை தேவாலயங்களின் பழைய குழாய் ஆர்கன்கள்.
"புதுமையா இருக்கும்" என்றார் தலைவர்.
"ரொம்பப் புதுமையா இருக்கும்" என்றேன்.

முதல் ஆலயத்தில் பழுது.
சாம்பல் துணி போர்த்தி நின்றதன் முன்னால்
சித்ராங்கி இரண்டு விரல் காட்டிச் சிரித்தாள்.
படம் பிடித்தோம்.

இரண்டாவதில், விக்டோரியா ஸ்திரீட்டுக்குப் பின்புறம்,
சுழல்படியில் முழங்காலைத் திட்டிக்கொண்டே
சலீமா அக்கா ஏறினார்.
மேலே மிஸ் ஒலிவேரோ காலணி மாற்றிக்கொண்டிருந்தார்,
மிதிகட்டைக்கென்றே மெல்லிய தோல்.
"முன்னால் மின்னுகிற பெரிய குழாய்களில் பாதி ஊமை,
அழகுக்கு நிற்பவை" என்றார்.
"பாடுகிறவை உள்ளே, இருட்டில்."
யாரோ களுக்கென்றார்கள்.
தலைவரைப் பார்க்காதிருக்க நான் கூரையைப் பார்த்தேன்.

வாசித்தார்.
முதலில் உள்ளங்கால் கேட்டது, பிறகு விலா,
காது கடைசியில்தான்.

முடித்துக் கையை எடுத்தார்.
ஒரு சுரம் மட்டும் போகவில்லை.
விரல் இல்லை, கால் இல்லை,
கட்டைகளெல்லாம் அதனதன் இடத்தில்,
ஒல்லியாய், நேராய், மூச்சு வாங்காமல்
ஒரே சுரம்.

"மழை" என்றார். "ஈரம் குடித்து மரம் வீங்கிவிட்டது.
உள்ளே ஓர் அடைப்பான் மூட மாட்டேனென்கிறது."
ஈரம் எனக்குத் தெரியும்.
இந்தத் தீவில் நான் தின்னும் சோறே ஈரத்தால்தான்.

"சுவிட்சை அணைச்சிடலாமே?"
தலைவர் என் பக்கம் திரும்பி
வழக்கமான இடைவெளி விட்டார்.
பதினொரு வருடமாக
நான் நிரப்பிவரும் இடைவெளி அது.

"வேண்டாம்" என்றேன். "கொஞ்சம் இருக்கட்டும்."

என் குரல் எனக்கே கூரையிலிருந்து கேட்டது.
சித்ராங்கி கைப்பேசியைத் தாழ்த்தினாள்.

கல்யாண மேடையில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில்
ஒருவர் நிற்பாரே,
ராகம் கிடையாது, கைதட்டல் கிடையாது,
கன்னம் உப்பி ஒரே சுரம்.
அவர் கன்னம் வலிக்குமா என்று
நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மிஸ் ஒலிவேரோ என்னை ஒரு கணம் பார்த்தார்.
பிறகு அந்தச் சுரத்தின் மேலேயே
மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.
எங்கே போனாலும் அதனிடம்
ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுபோல.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பட்டியலில் மதிய உணவு பன்னிரண்டரைக்கு.

கைவிளக்கோடு உள்ளே நுழைந்தவன் நான்தான்.
குட்டி ஏணி, பல்லி முட்டை ஓடுகள்,
பழந்தோல் வாசம்.
என் தொழிலில் குழாய் சத்தம் போட்டால் புகார்.
இங்கே நூற்றுக்கணக்கில் வாய் திறந்து நின்றன.
"இடப்பக்கம், மூன்றாம் வரிசை!"
முழங்கை நீளம் இருந்தது. தூக்கினேன்.

துளையில் இப்போது வெறும் காற்று, இஸ்ஸென்று.
மழை பெய்துகொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.
ஆசை யாரை விட்டது,
உதட்டருகே கொண்டுபோனேன்.
"ஊதாதீங்க! ஈயம்!" கீழிருந்து கத்தினார்.

திரும்பும் வழியில் மைக்கைத் தட்டினார் தலைவர்.
"அடுத்த மாசம் பறவைப் பூங்கா. சரிதானே?"
இடைவெளி.
துடைப்பான் கண்ணாடியில் இரண்டு தடவை போய்வந்தது.
"செயலாளரைக் கேளுங்க" என்றார் பின்னிருக்கையில் சலீமா அக்கா.
பேருந்து சிரித்தது, தலைவரும் கொஞ்சம்.

"பார்க்கலாம்" என்றேன்,
பட்டியலில் தலைகளைச் சரிபார்த்தபடி.
விரல் நுனியில் சாம்பல் நிறம்.
கைக்குட்டையால் தேய்த்தும் போகவில்லை.
தொட்ட பெயர்களிலெல்லாம்,
முதல் வரியில் தலைவர் பெயரிலும்,
லேசாக ஒட்டியிருந்தது.