பத்து சென்டிமீட்டர்

எர்சுரூமில் ஜனவரி.
விடுதியின் மூன்றாம் தளத்தில் வெந்நீர்க் குழாய்
இரவெல்லாம் பல்லை நறநறக்கிறது.
என் மேசையில் அறுபது பழுப்புக் குப்பிகள்,
முப்பதில் ஏ, முப்பதில் பி.

பேறுகாலச் செவிலியர் படிப்பில் கடைசி ஆண்டு.
ஆய்வேட்டின் தலைப்பைச் சொன்னபோது
அப்பா தொலைபேசியில் இருமினார்.
பிறகு, அங்கே பனி எவ்வளவு என்று கேட்டார்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு தாள்.
தாளில் ஒரு கோடு, பத்து சென்டிமீட்டர்.
இடது ஓரம்: வலியே இல்லை.
வலது ஓரம்: இதற்கு மேல் தாங்காது.
உன் வலி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கீறல் போடு.
நான் அடிக்கோல் வைத்து அளப்பேன்,
துணிக்கடைக்காரன் மாதிரி, நூல் பிசகாமல்.

ஒருத்தி கோட்டைத் தாண்டி, தாளையும் தாண்டி
மேசை மரத்தில் கீறினாள்.
"அளந்துக்கோ."
பத்து என்று எழுதினேன்.

செய்முறை எளிது.
படுத்துக்கொள். முழங்காலை மடக்கு.
எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கு.
அடிவயிற்றில், கடிகாரம் ஓடும் திசையில்
பதினைந்து நிமிடம்.
மெல்ல. நீ மாவு பிசையவில்லை.

ஏ-யில் பாதாம் எண்ணெயோடு இஸ்பார்த்தா லாவெண்டர்.
பி-யில் வெறும் பாதாம்.
யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது, விதி.
பேராசிரியை நெர்மினிடம் கேட்டேன்:
கண்ணைக் கட்டலாம், மூக்கை எப்படிக் கட்டுவது?
"குறைபாடுகள் என்ற அத்தியாயத்தில் எழுதிவிடு."

இரண்டே நாளில் தாழ்வாரம் காட்டிக்கொடுத்தது.
301 மணக்கிறது. 304 மணக்கிறது.
306-இல் ஒன்றும் இல்லை.

306, பதினேழாம் எண், செய்ரான்.
கார்ஸ் பக்கம் மாடு வளர்ப்பவர் மகள்.
குப்பியைத் திறந்து முகர்ந்தாள்.
தண்ணீர் கலந்த பாலைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
"ஏமாத்து எண்ணெயா?"
நான் வாயைத் திறக்கவில்லை. விதி.
"சரி போ, தோல் வெடிப்புக்காவது ஆகும்."

முதல் மாதம் அவள் கோட்டில் 8.1.
இரண்டாம் மாதம் 5.4.
ஏ-யில் இன்னும் கீழே இறங்கியது, உண்மைதான்,
வேறுபாடு அட்டவணை மூன்றில் இருக்கிறது.
ஆனால் மணமே இல்லாத எண்ணெயில்
இந்த 2.7 எங்கே கரைந்தது என்று
எந்தக் கட்டத்திலும் கேள்வி இல்லை.

பிப்ரவரி ஒன்பது, எனக்கே வந்தது.
"உடம்பு சரியில்லை" என்று பெண் சொன்னால்
இந்த ஊரில் ஒரே பொருள்தான்;
கடைக்காரன் மேலே பார்க்காமல்
பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றுவான்.
இடுப்பில் தொடங்கித் தொடைவரை
யாரோ ஈரத்துணி பிழிந்துகொண்டிருந்தார்கள்.
ஆய்வு செய்கிறவளுக்கு எண் கிடையாது.
குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.
செய்ரான் பல் துலக்க வந்தாள்.
நுரை வாயோடு, "எழுந்திரு."

அவள் கட்டில். அவள் பி குப்பி.
பால் கறந்து காய்ப்பேறிய கை
கடிகாரத்தை மதிக்காமல்
இடமும் வலமுமாகப் போனது.
கன்று குறுக்கே சிக்கிய பசு ஒன்றின் கதை சொன்னாள்,
முழங்கைவரை உள்ளே விட்ட அவள் மாமாவை,
லாந்தர் பிடித்தபடி மயங்கி விழுந்த அண்ணனை.
பசு பிழைத்ததா, தெரியவில்லை.
நான் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது தலைமாட்டில் ஒரு வெற்றுத் தாள்.
என் கோடு. எனக்கே.
ஒரு கீறல் போட்டேன். அளக்கவில்லை.
விரல் எண்ணெய் பட்டு இடது ஓரம்
ஊடுதெரியும்படி ஆகியிருந்தது.
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்:
'வலியே இல்லை' என்ற எழுத்துகளுக்குப் பின்னால்
பனி வாரும் வண்டி ஒன்று
முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது.

மாலையில் 306-க்குப் போய்க் கேட்டேன்,
அந்தப் பசு என்ன ஆயிற்று?
"எந்தப் பசு?" என்றாள்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்,
பதினெட்டாம் எண்ணின் இடுப்பைத் தேய்த்தபடி.
பதினெட்டு ஏ பிரிவு.
இரண்டு குப்பிகளும் திறந்து கிடந்தன,
எது எதுவென்று தெரியாமல் மூடிகள் மாறி.