ஒரு பாட்டுக்கு முப்பது ராண்ட்

சாட்ஸ்வொர்த் கடைவளாகத்தில்
செருப்புக் கடைக்கும்
கைபேசி பழுதுபார்க்கும் ரஷீதுக்கும் நடுவே
எட்டடிக்கு எட்டடி என் நிலம்.
தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறேன்.
அதற்குள் நின்று யாரும் எதையும் வெட்டலாம்.

சனிக்கிழமை வரிசை
பன்னி சவ் கடையைத் தாண்டி
நகரும் படிக்கட்டு வரை போகிறது.
"குழம்புக் கையைத் துடைச்சிட்டு வாங்க" என்பதுதான்
நான் அதிகம் பேசும் வசனம்.

நான் ஆடுவதில்லை.
வாங்கிய அன்று ஒருமுறை மாட்டிப் பார்த்தேன்,
செருப்புக் கடை வாசலில் வாந்தி.
பெரிய திரை வாங்கவும் காசில்லை.
சிவப்பும் நீலமுமாய்க் கட்டங்கள் பறந்து வருமாம்,
தாளத்துக்குத் தப்பாமல் பிளக்க வேண்டுமாம்.
எனக்குத் தெரிவதெல்லாம்
பாட்டைக் கழற்றிவிட்ட ஆட்டம்:
ஈ விரட்டுகிற மாதிரி சிலர்,
ரயிலுக்குக் கையசைக்கிற மாதிரி சிலர்,
யாரையோ அறையப் போய்
கடைசி நொடியில் மனம் மாறுகிற மாதிரி ஒருவர்.

முகத்தில் பாதி மறைந்துவிடுவதால்
கைகளை வைத்தே ஆள் அடையாளம்.
டாக்ஸி ஓட்டும் சிபுசிசோ
இடதுகையால் மட்டும் பாய்ந்து பாய்ந்து வெட்டுவான்,
அங்கேயும் கியர் மாற்றுகிறான் போல.
பல் மருத்துவரின் வரவேற்பறையில் இருக்கும் யுகேந்திரி மூட்லி
சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு வெட்டுவாள்,
தேநீர்க் கோப்பை பிடித்த பாவனையில்.
ஒருநாள் அந்தக் கை
நாடாவுக்குள் எட்டிப் பார்த்த என் தாடையில் விழுந்தது.
"ஐயோ, கட்டம்னு நெனச்சேன்."
மூன்று நாள் பாலில் நனைத்த ரொட்டி.
அவளுடைய மருத்துவரிடம் தள்ளுபடி வாங்கித் தந்தாள்.

போன மாதம் பத்திரிகைப் பையன் ஒருவன் வந்தான்.
"உங்க முன்னோர் கரும்பை வெட்டினாங்க,
நீங்க வெளிச்சத்தை வெட்டறீங்க,
ரத்தத்துல ஊறினதுதானே?" என்றான்,
பதிலை எழுதி வைத்துக்கொண்டு.
யுகேந்திரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.
"ஒவ்வொரு வெட்டுக்கும்
'அபாரம்'னு எழுதிக் காட்டினது யாரு,
அவங்களுக்கு?"
அது அச்சில் வரவில்லை.

நேற்று ஏழு மணிக்கு மின்வெட்டு.
அட்டவணையில் இல்லாத வெட்டு.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
நாடாவுக்குள் யுகேந்திரி,
கல்யாணத்துக்குப் போகிற வழியில்
"ஒரே ஒரு பாட்டு" என்று நுழைந்தவள்,
கை நிறைய வளையல்.
இருட்டில் வளையல்கள் மட்டும்
விழுந்து எழுந்து, இரண்டு சேர்ந்து,
ஒன்று தயங்கி, மறுபடி விழுந்து.
இரண்டு வருடமாய் விற்கிற பாட்டை
முதல்முறை கேட்டேன்.

பிறகு அது தடுமாறியது.
"என் கையைக் காணோம்!"
பேட்டரியில் பாட்டு ஓடுகிறது அவள் காதில்.
ஆனால் அந்தக் கருவிக்கும் கை தெரிய
வெளியே கொஞ்சம் வெளிச்சம் வேண்டும்.
அதை விளக்கிச் சொல்ல நேரமில்லை.
"லைட்டு, லைட்டு" என்று கத்தினேன்.

முதலில் சிபுசிசோவின் கைபேசி.
அப்புறம் ரஷீத் பழுதுபார்க்க வைத்திருந்த
யாருடையதோ உடைந்த ஒன்று.
அப்புறம் படிக்கட்டு வரை, ஒவ்வொன்றாக.
குழம்புக் கைகள்தான் எல்லாம்.
நாடாவைச் சுற்றி வளையமாக நின்று
அவள் கைகள் மேல் பிடித்தார்கள்.

"வந்துடுச்சு" என்றாள்,
யாரிடமும் இல்லை.
மீதிப் பாட்டை வெட்டி முடித்தாள்.

கழற்றினாள், கண் கூசியது.
முப்பது நாற்பது வெளிச்சங்களுக்குப் பின்னே
முகம் எதுவும் தெரியவில்லை அவளுக்கு.
"என்ன, எல்லாரும் என்னை வீடியோ எடுக்கறீங்களா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
அடுத்தது யார் என்பதில் சண்டை தொடங்கியிருந்தது.

கை காணாமல் போன பத்து நொடிக்கு
காசைத் திருப்பிக் கேட்டாள்.
இருட்டில் தடவித் தடவி எண்ணி
பதினைந்து கொடுத்தேன்.