குறிப்பு என்ற கட்டம்

வன வாரத்துக்குக் கதை கேட்டிருக்கிறார்கள்.
ஊழியர் யாரும் எழுதலாம்.
ஒரு பக்கம். விலங்குகள் பேச வேண்டும்.
கடைசியில் நீதி கட்டாயம்.
முதல் பரிசு மூன்று லிட்டர் குக்கர்.

எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதை நிறுத்தி
எட்டு மாதம்.

ஏற்காடு அடிவாரம், சோதனைச் சாவடி,
ராத்திரி வேலை எனக்கு.
எழுதக் கையில் இருப்பது வாகனப் பதிவேடு.
வண்டி எண், நேரம், ஆட்கள், நோக்கம்,
ஓரத்தில் ஒல்லியாகக் குறிப்பு.
நீதி அதில் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

குரங்கில் தொடங்கினேன்.
சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஆசைப்பட்டது
வயிறு வீங்கிச் சாகிறது.
விடிந்து நிமிர்ந்தால்
'குரங்குகளுக்கு உணவளிக்காதீர்' பலகை மேல் உட்கார்ந்து
ஒன்று முறுக்கு தின்கிறது.
மடியில் குட்டி, கொழுகொழுவென்று.
அடித்துவிட்டேன்.

அப்புறம் நரி. கதை என்றால் நரிதானே.
பதினோரு வருஷத்தில் மூன்று முறை பார்த்திருக்கிறேன்,
மூன்று முறையும் ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு முறை நொண்டிக்கொண்டு.
யாரையும் ஏமாற்ற அதற்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

காட்டெருமை பேசினால் என்ன பேசும் என்று
சில்வர் ஓக் பாரத்தோடு இறங்கிய மாதையனைக் கேட்டேன்.
"பதினேழாவது வளைவுல நின்னு பாத்துச்சுக்கா.
லைட்டை அணைச்சேன். இன்ஜினை அணைச்சேன்.
பேசியிருந்தா லாரிய அதுக்கே விட்டுட்டு
நடந்தே வந்திருப்பேன்."
இதில் என்ன நீதி?
"டீசல் மிச்சம்."

நேற்று இரண்டு பத்துக்கு
தடைக்கம்பத்தின் முன் வந்து நின்றது ஒரு முள்ளம்பன்றி.
கம்பம் என் இடுப்புக்கு. அது முழங்காலுக்கும் கீழே.
குனியக்கூட வேண்டாம், போயிருக்கலாம்.
போகவில்லை.
முள்ளெல்லாம் மடக்கி, மூக்கு மட்டும் அசைய,
டோக்கனுக்கு நிற்பதுபோல் நின்றது.

எழுந்தேன். செருப்பைத் தேடவில்லை.
கயிற்றை அவிழ்த்தேன்.
கம்பம் கிறீச்சிட்டு மேலே போனது.
அது கம்பத்தைப் பார்த்தது.
என்னைப் பார்த்தது என்று சொல்ல முடியாது,
என் பக்கம் பார்த்தது.
பிறகு திரும்பி
முட்கள் சலசலக்க
வந்த ஓடைக்கே இறங்கிவிட்டது.

அதையே எழுதினேன்.
அது பேசவில்லை, நானும் பேச வைக்கவில்லை.
நீதிக்கு மட்டும் நாலு காகிதம் கிழித்தேன்.
'திறந்ததெல்லாம் வழியல்ல.' தேதி கிழிக்கும் காலண்டரில் வரும்.
'முள் இருந்தும் வரிசையில் நில்.' சிரிப்பு வந்தது.
'கேளாமல் உதவாதே.' இதை எழுதியதும்
என் தங்கை முகம் வந்தது. அந்தக் கதை வேறு.
எல்லாம் சரியாகத்தான் இருந்தன.
எதிலும் முள்ளம்பன்றி இல்லை.

வனவர் பெலிக்ஸ் படித்துவிட்டு
"நீதி எங்கம்மா?" என்றார்.
அவரே சிவப்பு மையில் போட்டார்:
சாலை விதிகளை மதிப்போம்.

மூன்றாம் பரிசு கிடைத்தது. டிபன் பாக்ஸ்.
ரசம் ஒழுகுகிறது.

பதிவேட்டில் அன்றைய வரியை யாரும் திருத்தவில்லை.
வண்டி எண்: இல்லை.
நேரம்: 2.10.
ஆட்கள்: ஒன்று என்று எழுதி, அடித்து, இரண்டு.
நோக்கம்: தெரியவில்லை.
குறிப்பில்
பேனா வைத்து யோசித்த இடத்தில் ஒரு புள்ளி,
மை ஊறி
அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.